வயல்வெளிப் பள்ளி: 25 விவசாயிகள் சேற்றில் இறங்கி எதை எண்ணுகிறார்கள்?

மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் துணுக்கு இது: "வேளாண்மைத் துறை சார்பில் உழவர் வயல்வெளிப் பள்ளி நடைபெற்றது. 25 விவசாயிகள் கலந்துகொண்டனர்." கூடவே ஒரு படம். வரப்போரம் பேனர், முன்வரிசையில் அலுவலர்கள், பின்னால் தோளில் துண்டு போட்ட நாலைந்து பேர். படிப்பவருக்குக் கேள்விதான் மிஞ்சும். நாற்பது வருடமாக நெல் போடுகிறவருக்கு யார், என்ன பாடம் எடுக்கிறார்கள்? அதற்குப் பள்ளி என்று ஏன் பெயர்? சொல்லிவைத்தாற்போல் எல்லா ஊரிலும் அது ஏன் 25 பேர்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஐந்து பேர் கொண்ட ஐந்து குழு, ஆக 25. இந்தக் கணக்கைப் போட்டது சென்னையோ டெல்லியோ இல்லை. 1989-ல் இந்தோனேசியாவின் ஜாவா தீவில், ஒரு சிறு பூச்சியிடம் தோற்றுப்போன பிறகு போட்ட கணக்கு அது.

முதலில் மூன்று சொற்கள்

சிறு, குறு விவசாயி: ஒரு ஹெக்டேருக்குள், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்குள் நிலம் உள்ளவர் குறு விவசாயி. இரண்டு ஹெக்டேர் வரை சிறு விவசாயி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நில உடைமைகளில் 86 சதவீதம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் அது 93 சதவீதம். இங்கே சராசரி உடைமையே 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு.

விரிவாக்கம்: ஆராய்ச்சி நிலையத்தில் கண்டதை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. 1970-களில் உலக வங்கி பல நாடுகளில் ஊக்குவித்த 'பயிற்சி மற்றும் பார்வை' முறையில், அலுவலர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில 'தொடர்பு விவசாயி'களைப் பார்த்துச் செய்தியைச் சொல்வார். அவர்கள் ஊருக்குச் சொல்ல வேண்டும். புது ரகம், உர அளவு, நாற்றின் வயது மாதிரி எல்லாருக்கும் பொதுவான விஷயங்களுக்கு இது ஒத்துவந்தது. பூச்சியில்தான் இடறியது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் பக்கத்துப் பக்கத்து வயல்களில்கூடப் பூச்சி ஒரே மாதிரி இருப்பதில்லை.

வயல்வெளிப் பள்ளி: ஒரு போகம் முழுக்க, வாரம் ஒருநாள், அதே 25 பேர் அதே வயலில் கூடிப் பயிரைப் பார்த்து, எண்ணி, விவாதித்து, அந்த வாரம் என்ன செய்வது என்று முடிவெடுப்பது. இந்தோனேசிய மொழியில் 'செகோலா லாபாங்'. நடத்துகிறவருக்கு ஆசிரியர் என்று பெயர் கிடையாது, வழிகாட்டி என்றுதான் சொல்கிறார்கள்.

மருந்து அடித்தால் பூச்சி ஏன் கூடுகிறது?

புகையான் என்று நம் விவசாயிகள் வைத்த பெயர் அபாரமானது. தத்துப்பூச்சி வகையைச் சேர்ந்த இந்தப் பழுப்பு நிறப் பூச்சி, தூரின் (நெற்குத்தில் கிளைக்கும் தண்டின்) அடியில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்ட வட்டமாகப் புகைந்ததுபோல் காயும். வீரிய ரகங்களும் யூரியாவும் நெருக்கமான நடவும் வந்த பிறகுதான் இது ஆசியா முழுக்கப் பெரும் தொல்லையாக வளர்ந்தது. 1973-74-ல் கேரளத்தின் குட்டநாட்டில் பெரும் சேதம். 1970-களின் நடுவில் ஜாவாவிலும் அதே கதை.

கூடுதலாக மருந்து அடிப்பதுதான் அன்று எல்லாருக்கும் தோன்றிய வழி. அதனால் நிலைமை மோசமானது. அதன் காரணம் புரிந்தால்தான் மீதிக் கதை புரியும்.

1. தாய்ப்பூச்சி இலையுறையைக் கீறி, அதன் திசுவுக்குள் முட்டை வைக்கிறது. தெளிப்பானிலிருந்து விழும் மருந்து முட்டையைத் தொடுவதே இல்லை.

2. மருந்து வளர்ந்த பூச்சிகளில் ஒரு பகுதியைக் கொல்கிறது. அவற்றைப் பிடித்துத் தின்னும் சிலந்திகள், முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, பொறிவண்டு ஆகியவையும் கூடவே சாகின்றன.

3. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரிக்கிறது. குஞ்சுகள் வெளியே வரும்போது வயலில் காவல் இல்லை.

4. புகையானின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதம். சிலந்தி அவ்வளவு வேகமாகப் பெருகாது. அது மறுபடி தலையெடுப்பதற்குள் விவசாயி அடுத்த டப்பாவைத் திறந்துவிடுகிறார்.

பூச்சியியலில் இதற்கு 'மறு எழுச்சி' என்று பெயர். பிலிப்பைன்ஸில் 1970-களின் பிற்பகுதியில் ஆய்வு செய்த பீட்டர் கென்மோர், மருந்து படாத வயலில் புகையான் அடங்கிக் கிடப்பதையும் மருந்து அடித்த வயலில் பல மடங்கு பெருகுவதையும் எண்ணிக்கையோடு காட்டினார். எதிர்ப்புத் திறன் உள்ள ரகங்களை இறக்கிப் பார்த்ததும் நீடிக்கவில்லை. 1973-ல் வந்த ஐ.ஆர்.26 சில ஆண்டுகளிலேயே புகையானிடம் விழுந்தது. அடுத்து ஐ.ஆர்.36 வந்தது.

ஜகார்த்தா எடுத்த முடிவு

இந்தோனேசியா 1984-ல் அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அதற்கு முன் உலகின் பெரிய அரிசி இறக்குமதி நாடுகளில் ஒன்று அது. சந்தோஷம் இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை, 1985-86-ல் புகையான் திரும்பி வந்தது. அன்று அரசே பூச்சிமருந்து விலையில் 80 சதவீதத்துக்கு மேல் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. தன் வயலில் புகையானை வளர்க்க அரசே செலவு செய்தது என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ பிறப்பித்த ஆணை, 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடை போட்டது. மானியம் படிப்படியாகக் குறைந்து 1989 தொடக்கத்தில் முழுக்க நின்றது. அந்த ஆண்டே, ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் துணையோடு முதல் வயல்வெளிப் பள்ளிகள் மத்திய ஜாவா, யோக்யகர்த்தா பகுதிகளில் தொடங்கின. பத்தாண்டுக்குள் அந்நாட்டில் பத்து லட்சம் விவசாயிகள் இந்தப் பள்ளிகளைக் கடந்திருந்தார்கள். மருந்துப் பயன்பாடு இறங்கியது, நெல் உற்பத்தி இறங்கவில்லை.

இதை இயற்கை விவசாயத்தின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. வீரிய ரகமும் யூரியாவும் அப்படியே தொடர்ந்தன. மருந்தும் முழுக்க நிற்கவில்லை, கண்மூடித்தனமாக அடிப்பதுதான் நின்றது.

இலங்கை வாசகர்களுக்கு இந்த இடத்தில் 2021 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு மே மாதம் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை வந்தது. விளைச்சல் விழுந்தது. நவம்பரில் அரசு பின்வாங்கியது. இந்தோனேசியாவும் தடைதான் போட்டது. ஆனால் அது தடுத்தது, இல்லாவிட்டால் பயிருக்கு நல்லது என்று வயலில் ஏற்கனவே நிரூபணமான மருந்துகளை. உரத்தைத் தொடவில்லை. தடை போட்ட கையோடு, மருந்து இல்லாமல் வயலை எப்படிப் பார்ப்பது என்று கற்கவும் ஏற்பாடு செய்தது. பயிருக்குச் சோறு போன்ற உரத்தை ஒரே போகத்தில் பிடுங்குவதும் இதுவும் ஒன்றாகாது.

ஒரு காலை வகுப்பு

காலை ஏழு, ஏழரை மணி. பனி காய்வதற்கு முன் வந்தால்தான் பூச்சிகள் அசையாமல் இருக்கும். ஐந்து குழுவும் வயலுக்குள் இறங்குகின்றன. ஒவ்வொரு குழுவும் மூலைக்கு மூலை நடந்து பத்துக் குத்துகளை (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்துகளை) தேர்ந்து, ஒவ்வொன்றிலும் தூர் எத்தனை, பயிரின் உயரம் என்ன, தூரடியில் புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை, இலைச்சுருட்டுப் புழு அரித்த இலை எத்தனை என்று குனிந்து எண்ணுகிறது. தூரைக் கையால் விரித்துப் பார்க்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் இலைதான் தெரியும், புகையான் தெரியாது.

அரை மணியில் கரையேறி மரத்தடிக்கு வருகிறார்கள். பெரிய தாள், வண்ணக் குச்சிகள். நடுவில் இன்றைக்கு இருக்கிற நிலையில் ஒரு நெற்பயிர். தூர் 18 என்றால் 18 தூரும் படத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்பவை, எண்ணிக்கையோடு. மேலே வெயிலா மேகமா, கீழே தண்ணீர் எத்தனை விரற்கடை. இலை வெளிறியிருந்தால் பச்சைக் குச்சியை வைத்துவிட்டு மஞ்சளை எடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் சரிசமமாகக் கைவைக்கிறார். இதற்கு 'வேளாண் சூழல் ஆய்வு' என்று கனமான பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளியின் உயிர் இந்தப் படத்தில்தான் இருக்கிறது.

பிறகு ஒவ்வொரு குழுவும் தாளைத் தூக்கிப்பிடித்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று சொல்ல, மற்ற நான்கு குழுவும் மடக்குகின்றன. "போன வாரம் நாலு சிலந்தி போட்டீங்க, இப்ப ஒண்ணுதான் இருக்கு. என்ன ஆச்சு?" இந்த மாதிரிக் கேள்வி சக விவசாயியிடமிருந்து வந்தால் சமாளித்துவிட்டுப் போக முடியாது.

வழிகாட்டிக்கு ஒரு விதி உண்டு, அதைக் காப்பாற்றுவதுதான் அவருக்குச் சிரமம். யாராவது ஒரு பூச்சியைக் காட்டி 'அபா இனி?' (இது என்ன?) என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. "எங்கே பிடிச்சீங்க? தண்ணிக்குப் பக்கத்திலயா, இலை மேலயா? என்ன பண்ணிட்டிருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். லத்தீன் பெயரைச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கேள்வியைத் திருப்பினால், கேட்டவர் அந்தப் பூச்சியை ஒரு சட்டியில் பயிரோடு போட்டு, கொசுவலை கட்டி, பத்துப் புகையானை உள்ளே விட்டு, மறுநாள் எத்தனை மிச்சம் என்று பார்ப்பார். இந்தச் சட்டிகளின் வரிசைக்குப் 'பூச்சிக் காட்சிச்சாலை' என்று பெயர். தன் கண்ணெதிரே சிலந்தி புகையானைப் பிடிப்பதைப் பார்த்தவர் அதைக் கொல்லும் மருந்தை வாங்குமுன் ஒருமுறை யோசிப்பார்.

இன்னொரு சோதனை, இலை வெட்டுவது. இளம்பயிரில் சில குத்துகளின் இலைகளில் கால்வாசியை, சிலவற்றில் பாதியைக் கத்தரியால் வெட்டிவிட்டு, அறுவடையில் மகசூலை எடை போடுகிறார்கள். தூர்கட்டும் பருவத்தில் பயிர் பெரும்பாலும் அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. நடவு முடிந்த மூன்றாம், நான்காம் வாரம் இலை சுருண்டிருப்பதைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு ஓடும் பழக்கம் இந்த எடைத்தட்டில்தான் உடைகிறது.

போகம் தொடங்கும்போதும் முடியும்போதும் தேர்வு உண்டு. வயலில் குச்சி நட்டு, ஒரு உயிருள்ள பூச்சியையோ நோய்கண்ட இலையையோ கயிற்றால் சுட்டிக்காட்டி ஒரு கேள்வி, அதன் மூன்று பதில்களுக்கு மூன்று பெட்டி. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த குச்சிக்கு நகர வேண்டும்.

இதில் 'அதிகாரம்' எங்கே வருகிறது?

திட்ட அறிக்கைகளில் 'விவசாயிகளுக்கு அதிகாரமளித்தல்' என்று வரும்போது நமக்குக் கொட்டாவி வரும். இங்கே அதற்குத் திட்டமான பொருள் ஒன்று உண்டு: மருந்து அடிப்பதா வேண்டாமா என்ற முடிவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் அது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையையே எடுத்துக்கொள்ளுங்கள். புகையானுக்கான பொருளாதாரச் சேதநிலை, அதாவது மருந்துச் செலவு நியாயமாகும் எல்லை, இப்படி இருக்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2. ஒரு குத்தில் 20 தூர் இருந்தால் முதல் வயலில் எல்லை 20, இரண்டாவதில் 40. குத்துக்கு 30 புகையான் உள்ள இரண்டு வயல்களில் ஒன்றுக்கு மருந்து தேவை, மற்றதற்குத் தேவையில்லை. இதை வட்டார அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தியாக அனுப்ப முடியாது. எண்ணினால்தான் தெரியும்.

எண்ணத் தெரியாத இடத்தில் அந்த முடிவை மருந்துக்கடை எடுக்கிறது. கடைக்காரர் கெட்டவர் என்பதில்லை. கடனுக்கும் கொடுக்கிறார், கேட்டதும் பதிலும் சொல்கிறார், கூப்பிடும் தூரத்தில் இருக்கிறார். ஆனால் "ஒண்ணும் அடிக்க வேண்டாம், தண்ணிய வடிச்சு விடுங்க" என்பதை விற்க அவரிடம் டப்பா இல்லை. புகையானுக்கு நம் ஊர்ப் பரிந்துரையின் முதல் வரிகளோ அதுதான்: தண்ணீரை வடி, எட்டடிக்கு ஒரு அடி பட்டம் (இடைவெளி) விட்டு நடு, தழைச்சத்தை அளவாகப் போடு. மூன்றுக்கும் கடையில் ரசீது விழாது.

பலன் உண்டா? ஆய்வுகள் சொல்வது

இங்கேதான் ஆர்வலர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

1. 2004-ல் உலக வங்கியின் கெர்ஷன் ஃபெடர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தோனேசியத் தரவுகளை அலசி, பள்ளிக்குப் போனவர்களின் மகசூலிலோ மருந்துப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றார்கள். பெரும் சர்ச்சை எழுந்தது. மானியம் நின்றதும் எல்லாரும் மருந்தைக் குறைத்துவிட்ட நாட்டில் பள்ளியின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம் என்பதையும் சேர்த்துத்தான் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

2. தென்னிலங்கை நெல் விவசாயிகளிடம் ராபர்ட் டிரிப் குழுவினர் செய்த ஆய்வு 2005-ல் வந்தது. பள்ளிக்குப் போனவர்கள் பூச்சிமருந்தைக் குறைத்திருந்தார்கள். பக்கத்து வயல்காரர்களிடம் அது பெரிதாகப் பரவவில்லை.

3. கென்யா, தான்சானியா, உகாண்டாவில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. பெண்களும் அதிகம் படிக்காதவர்களும் கணிசமாகப் பயன்பெற்றார்கள் என்றது.

4. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிய 2014-ம் ஆண்டுத் தொகுப்பு, கலந்துகொண்டவர்களின் விளைச்சல் சராசரியாக 13 சதவீதம் கூடியதாகவும், வருமானம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்ததாகவும் சொன்னது. அதுவும் அக்கம்பக்கத்துக்குப் பரவுவதைக் காணவில்லை. சிறிதாக நடத்தியபோது கிடைத்த பலன், அரசு பெரிதாக விரித்தபோது தேய்ந்தது என்றும் எச்சரித்தது.

ஏன் பரவவில்லை என்பது மேலே வர்ணித்த காலை வகுப்பை நினைத்தால் விளங்கும். டீக்கடையில் "மருந்து வேணாம்ப்பா" என்று சொல்லலாம். தூரை விரித்து எண்ணும் பழக்கத்தையும், சட்டிக்குள் சிலந்தியைப் பார்த்ததால் வந்த துணிச்சலையும் பேச்சில் கைமாற்ற முடியாது. சைக்கிள் ஓட்டுவதை வாயால் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

பேச்சில் கைமாற்றக்கூடியது எது என்பதற்கு வியட்நாம் நல்ல உதாரணம். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கே.எல். ஹியோங் குழு 1990-களில் மீகாங் டெல்டாவில் ஒரே ஒரு வரியை வானொலி நாடகங்கள், சுவரொட்டிகள் வழியாகப் பரப்பியது: விதைத்த முதல் 40 நாளுக்குப் பூச்சிமருந்து வேண்டாம். நம்பாதவர்கள் ஒரு மூலையில் அடிக்காமல் விட்டுப் பார்க்கலாம். வானொலி நூற்றுக்கணக்கான பள்ளிகள் தொடமுடியாத எண்ணிக்கையைத் தொட்டது, மருந்தும் குறைந்தது. ஆனால் நாற்பத்தொன்றாம் நாள் என்ன செய்வது என்று அந்த வரி சொல்லாது.

பள்ளி முடிந்த பிறகு

2010, 2011-ல் ஜாவாவில் புகையான் மறுபடி பெரிதாகத் தாக்கியது. பயிற்சி பெற்ற தலைமுறைக்கு வயதாகிவிட்டது, மருந்துச் சந்தையில் புதுப்புதுப் பெயர்கள் குவிந்துவிட்டன, நிதி நின்றதும் பெரும்பாலான குழுக்கள் கலைந்துவிட்டன.

கலையாத இடங்களும் உண்டு. மேற்கு ஜாவாவின் இந்த்ராமாயு மாவட்டத்தில் மானுடவியலாளர் யுனிதா வினார்த்தோ, வானிலை அறிஞர் கீஸ் ஸ்டிக்டர் ஆகியோரோடு சேர்ந்து விவசாயிகள் தங்கள் வயலிலேயே மழைமானி வைத்துத் தினமும் மழையை அளந்து குறிக்கத் தொடங்கினார்கள். மாதம் ஒருமுறை கூடி அதைப் பயிரோடும் பூச்சியோடும் ஒப்பிட்டுப் பேசினார்கள். அந்தக் கூடுகைக்கு அவர்கள் வைத்த பெயரில் 'வாருங்' என்ற சொல் வருகிறது. நம் ஊர் டீக்கடை மாதிரி, தெருவோரச் சின்னக் கடைக்கு அங்கே அந்தப் பெயர்தான். பூச்சியில் தொடங்கிய எண்ணும் பழக்கம் மழைக்கு நகர்ந்திருக்கிறது. முடிவுத் தேதி வைத்த திட்டத்தால் இது நடக்காது.

நம் ஊரில் சிக்கல் எங்கே?

தமிழ்நாட்டில் அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் இதே பாணியில் நடக்கும் பண்ணைப் பள்ளி, ஒரு போகத்துக்கு ஆறு வகுப்பு என்ற கணக்கில் நடக்கிறது. நெல்லின் நான்கு மாதத்தில் ஆறு வகுப்பு என்றால் இரண்டு வகுப்புக்கு நடுவே ஏறக்குறைய இருபது நாள். புகையான் முட்டை பொரித்துக் குஞ்சாகி, சிறகு முளைக்கும் தறுவாய்க்கு வர அது போதும். போன வகுப்பில் எண்ணியது இந்த வகுப்புக்கு உதவாது. வாராவாரம் பார்ப்பதால் வருகிற 'போன வாரம் நாலு, இந்த வாரம் ஒன்று' என்ற ஒப்பீடு அங்கே விழுந்துவிடுகிறது. அப்போது வகுப்பை நிரப்ப இருப்பது உரை ஒன்றுதான். விதைநேர்த்தி பற்றி ஒருவர், மண் பரிசோதனை பற்றி ஒருவர், மானியம் பற்றி ஒருவர். உரை கெட்டதில்லை, ஆனால் அது பழைய 'பயிற்சி மற்றும் பார்வை'தான், பேனர் மட்டும் புதிது.

அலுவலர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒருவர் தலையில் பல கிராமங்கள், பல திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் படமும் கையெழுத்துப் பட்டியலும் மேலே போக வேண்டும். ஒரு போகம் முழுக்க ஒரே வயலுக்கு வாரம் ஒரு காலையைக் கொடு என்று அவரிடம் எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஜாவாவில் இதற்குக் கண்ட வழி, பள்ளியில் தேறிய விவசாயிகளையே வழிகாட்டிகளாக்கியது. ஊரிலேயே இருப்பவர், அதே மொழி, அதே பூச்சி.

கையெழுத்துப் பட்டியலில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. திட்டப் பலன்களுக்கு நில உரிமைப் பதிவான சிட்டா கேட்கும் பழக்கத்தில், பட்டியலில் ஏறுவது பெரும்பாலும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். குத்தகைக்குப் பயிர் வைப்பவர் விடுபடுகிறார். நாற்று நட்டு, களை எடுக்கும் பெண்களும் விடுபடுகிறார்கள். புகையான் உட்காருவது தூரடியில். அந்த வயலில் வாரக்கணக்கில் தூரடியைப் பார்த்துக் குனிந்திருப்பவர் களை எடுப்பவர்தான். சிலந்தி குறைந்ததை முதலில் கவனிக்கக்கூடியவரும் அவரே. பள்ளி நடக்கும் காலை நேரத்தில் அவர் பெரும்பாலும் பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருப்பார்.